'டச்சிங் செய்த படம்' என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நடிகைகளின் முகச் சிகிச்சை பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். 'அன்று – இன்று' என்று ஜோடி ஜோடியாகப் படம். உதட்டுக்கு ஒரு அம்புக்குறி, மூக்குக்கு ஒரு அம்புக்குறி. எங்கள் தெரு டீக்கடையில் அந்த இதழ் கை மாறிக் கை மாறி இரண்டே நாளில் கிழிந்துவிட்டது. நானும் படித்தேன். படித்து முடித்து அட்டையைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் டச்சிங்காரன், போட்டோவில் விழும் முகக் குறைகளைக் கையால் திருத்துகிறவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தொழில் இருந்ததே தெரியாது. 1974-ல், 17 வயதில், சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். சாய்வு மேசை, நடுவில் பால் கண்ணாடி, அடியில் வெளிச்சம் வாங்கித் தர ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நெகடிவை அதன்மேல் வைத்து, மருந்து பூசிய பக்கத்தில் வார்னிஷை லேசாகத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனையை உப்புத்தாளில் உரசி உரசி ஊசியாக்கிக்கொள்வோம். முகத்தில் கறுப்பாக விழும் கோடு நெகடிவில் வெளுப்பாக இருக்கும். அந்த வெளுப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக நிரப்பினால் பிரின்டில் சுருக்கம் காணாமல் போகும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம். பரு, கருவளையம், நெற்றிக்கோடு எல்லாம் எனக்குக் காசு.

எங்கள் முதலாளி அதற்கு முன் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் ஸ்டில் போட்டோ எடுப்பவரிடம் எடுபிடியாக இருந்தவர். (அங்கே இப்போது நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. மலை ஏறப் போகிறவர்கள் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.) அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: "டேய் தம்பி, கண்ணோரக் கோட்டைப் பாதிதான் எடுக்கணும். முழுசா எடுத்தீன்னா அது போட்டோ இல்லை, மாலை போடுற படம்." லென்ஸுக்கு முன்னால் வலைத்துணி கட்டி, லைட்டை ஏற்றி இறக்கி, 40 வயதுக்காரரை எப்படி 20 ஆக்குவார்கள் என்று கதை கதையாகச் சொல்வார். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் அவர் திரும்ப 40 ஆகி வீட்டுக்குப் போய்விடுவாராம்.

1977 என்று நினைவு. கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு தறிக்காரர் மகளைக் கூட்டிவந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ வேண்டும். பெண்ணுக்கு முகம் நிறைய அம்மைத் தழும்பு. அந்தக் காலத்தில் பலர் முகத்தில் பார்க்கலாம். "தழும்பை மட்டும் எடுத்துடுங்க சாமி" என்றார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எடுத்தேன். என் கைக்கு அதுவரை அப்படி ஒரு வேலை அமைந்ததில்லை, முதலாளியே தட்டிக்கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தனியாக வந்தார். திட்டவில்லை. "வந்து பாத்தாங்க. பொண்ணைவிட போட்டோ நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தழும்போட ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்றார். நான் டர்பன்டைனில் பஞ்சை நனைத்து நெகடிவைத் துடைத்தேன். இரண்டு சாயங்காலத்து வேலை இரண்டு நிமிஷத்தில் பஞ்சுக்கு வந்துவிட்டது. தழும்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காசு வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு எங்கே அமைந்தது என்று எனக்குத் தெரியாது.

பிறகு கலர் பிலிம் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, ஃபோட்டோஷாப்பும் கற்றுக்கொண்டேன். இப்போது என் தொழிலைக் கைபேசியே செய்துவிடுகிறது, கேட்காமலே. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் என் தங்கை மகள் விஷயத்தில்தான்.

34 வயது. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் டீச்சர். இந்த வருஷம் தம்பி கல்யாணத்துக்கு முன்னால், ஃபில்டர் போட்டு எடுத்த தன் செல்ஃபியையே ஒரு பியூட்டி பார்லரில் கொண்டுபோய்க் காட்டி, "இப்படி ஆக்கிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அது தெரிந்ததே பிற்பாடுதான். எங்கள் காலத்தில் நடிகை படத்தைக் கத்தரித்து வந்து காட்டுவார்கள். இவள் தன்னையே மாதிரியாகக் காட்டியிருக்கிறாள், இல்லாத தன்னை. ஊசி போட்டது டாக்டர் இல்லை, பார்லர்காரர். போட்டது போடாக்ஸ். கெட்டுப்போன உணவில் வளரும் கிருமியின் விஷம் அது. துளியிலும் துளியாகக் கொடுத்தால் தசையை அசையவிடாமல் கட்டிப்போடும், கோடு விழாது. வேடிக்கை என்னவென்றால், 1989-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமை துடிப்புக்கும். புருவ நடுவில் விழும் கோட்டுக்குக் கிடைத்தது 2002-ல்தான். கண்ணுக்கு வந்த மருந்து, போடத் தெரியாத கையில், எங்கள் வீட்டுப் பெண்ணின் இடது இமையை இறக்கிவிட்டது.

கல்யாணப் படம் எல்லாவற்றிலும் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றரை மாதம் அந்த அரைக் கண்ணோடு தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினாள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், தூக்கம் வருதா?" என்று கேட்டானாம். "மாமா, துடைச்சு எடுக்க வழியில்லையா?" என்று என்னிடம் கேட்டாள். டர்பன்டைன் ஞாபகம் வந்தது. மருந்தின் வேகம் அதுவாகத்தான் இறங்க வேண்டும் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். இறங்கியது, நல்லவேளை.

எல்லோருக்கும் அந்த நல்லவேளை வாய்ப்பதில்லை. 2016-ல் சென்னையில் முடி நடப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். டாக்டராகப் போகிறவர்! 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்கப் போய் இறந்த கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. அதே வருஷம் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூப் பார்த்துக் கற்றதெல்லாம் இந்தச் சிகிச்சைக்குப் பயிற்சி ஆகாது என்று சொல்ல வேண்டிவந்தது.

சிகிச்சையே கூடாது என்கிற ஆள் இல்லை நான். தீக்காயம் பட்டவர்களுக்கும், உதடு பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கும் அது செய்யும் உபகாரத்துக்கு ஈடு கிடையாது. நடிகைகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இன்று பேக்கப்பே கிடையாது. ஷூட்டிங் முடிந்தால் ஏர்போர்ட்டில் கேமரா, கோயிலில் கேமரா, ஜிம் வாசலில் கேமரா. அதுவும் மயிர்க்கால் வரை எண்ணிக் காட்டும் கேமரா. வலைத்துணியும் பென்சிலும் செய்த வேலையை முகமே ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஸ்ருதி ஹாசன் 2020-ல், ஆமாம் செய்துகொண்டேன், அதில் வெட்கமில்லை என்று சொன்னார். சொன்னதற்கும் கேலி, சொல்லாதவர்களுக்கு அம்புக்குறி. ஆண்கள் கதை வேறு. 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்ததும் எங்கள் பக்கத்துச் சலூனில் 'சால்ட் அண்ட் பெப்பர்' கேட்டார்கள். ரஜினி வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாக மேடைக்கு வந்தால் எளிமை என்கிறோம். 45 வயது நடிகை நாலு நரைமுடியோடு வரட்டும், "என்னங்க இப்படி ஆயிட்டாங்க" என்பது நாம்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து, விளம்பரப் படத்தில் ஆளின் உடம்பையோ தோலையோ திருத்தியிருந்தால் படத்திலேயே முத்திரை போட்டுச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 2017-லேயே வந்துவிட்டது: மாடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரத்தில் 'திருத்திய படம்' என்று எழுதாவிட்டால் 37,500 யூரோ அபராதம். நம் சேலம் ஐந்து ரோட்டில் நிமிர்ந்து பாருங்கள். நகைக்கடை, புடவைக்கடை, முடி நடும் கடை என்று வரிசையாகப் பேனர். ஒரு முகத்திலாவது ஒரு துவாரம் தெரிகிறதா? அதற்கு அடியில்தான் எங்கள் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஓரமாக 'டச்சிங் செய்த படம்' என்று மூன்று வார்த்தை போட்டால் எந்தக் கடைக்கும் வியாபாரம் படுத்துவிடாது. அரசாங்கம் சட்டம் போடட்டும், போடாமல் போகட்டும். பத்திரிகைக்காரர்கள் நீங்கள் நாளைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டச்சிங்காரர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.

பின்குறிப்பு: அட்டைப்படத்துக்கு வருகிறேன். கண்ணோரம் சுத்தம், நெற்றி சுத்தம், வேலை செய்தவர் கைகாரர்தான். ஆனால் கழுத்தை மறந்துவிட்டார். முகத்துக்கு 25 வயது, கழுத்துக்கு 45. எங்கள் முதலாளியாக இருந்தால் நெகடிவைத் திருப்பிக் கையில் கொடுத்திருப்பார்.