பிள்ளைகளின் பாதுகாப்பு வகுப்புக்கு இன்னும் 1,53,500 ரூபாய் தேவை: பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

இயேசுவில் அன்பார்ந்த பங்கு மக்களே, பழைய மாணவ மாணவியரே, நம் இரு பள்ளிகளிலும் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் எல்லா மதத்துப் பெற்றோரே,

வருகிற செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளுக்குள் 1,53,500 ரூபாய் சேர்ந்தாக வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்ததும் எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, பாலியல் தொல்லையிலிருந்து பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்ளக் கற்றுத்தரும் தன்பாதுகாப்பு வகுப்புகளைத் தொடங்க முடிவு செய்திருக்கிறோம். பயிற்சி தருகிறவர்களுக்கு முன்பணம் கொடுத்தால்தான் தேதி கிடைக்கும். அக்டோபரை விட்டால் அரையாண்டுத் தேர்வு, கிறிஸ்துமஸ், பொங்கல், திருப்புதல் என்று இந்தக் கல்வியாண்டே கைநழுவிவிடும்.

வடசென்னைக் கத்தோலிக்கர்களுக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1842-ல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பிரசன்டேஷன் கன்னியர்கள் ஜார்ஜ் டவுனில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. ராயபுரத்தில் இராயப்பர் (புனித பேதுரு) கோயிலை எழுப்பியவர்கள் படகோட்டிகள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலையைக் கடந்து கப்பல் சரக்கைக் கரைசேர்த்து, அந்தக் கூலியில் கோயிலுக்கு ஒதுக்கிய குடும்பங்கள். நம் பள்ளிகளின் பழைய கட்டடமும் அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த காசில் எழுந்ததுதான். தாத்தா செங்கல் சுமந்தார், பாட்டி சுண்ணாம்பு இடித்தாள் என்று சொல்லாத குடும்பம் நம் பங்கில் உண்டா? அந்தப் பெருமை வீண்பெருமை இல்லை. ஆனால் சுவர் எழுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் பேசியதில், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல். அவர்களில் ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளை விடச் சற்று அதிகம். 'எனக்குப் பையன்தானே, என்ன பயம்' என்று சொல்லும் அப்பாக்கள் இதை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். 2021-ல் நம் சென்னையிலேயே பழைய மாணவிகள் பள்ளியில் ஆசிரியரிடம் பட்ட பாலியல் தொல்லை பற்றிப் பல வருடம் கழித்து வாய் திறந்தபோது, அத்தனை நாள் அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதே என்றுதான் எங்களுக்கு வலித்தது. நம் திருச்சபையும் பல நாடுகளில் இந்தக் குற்றத்தை மூடிமறைத்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014-ல் இதற்கென ஓர் ஆணையம் அமைத்ததும், 2019-ல் புகார்களை மறைக்கக் கூடாது என்று உலகம் முழுமைக்கும் சட்டம் இட்டதும் அதனால்தான். கோயிலில் இதைப் பேசலாமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு எங்கள் பதில்: கோயிலில்தான் முதலில் பேச வேண்டும்.

சரி, வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள்? நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்பது சின்னப் பிள்ளைகளுக்கான பாடம். பதினாலு வயதுப் பிள்ளையின் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. கேம் விளையாடும்போது பழகி, பாராட்டி, பரிசு கொடுத்து, பிறகு ஒரு படம் கேட்பவன். டியூஷனிலோ ஷேர் ஆட்டோவிலோ 'வீட்டில் சொல்லாதே' என்று பேச்சைத் தொடங்குபவன். அப்பாவே மதிக்கும் உறவினர். யார் மிரட்டினாலும் படத்தையும் மெசேஜையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று கற்றுத்தருவார்கள். குழந்தைகளுக்கான 1098, பள்ளி மாணவர்களுக்கான 14417 என்ற உதவி எண்கள் எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதப்படும்.

பாதிப் பாடம் பெற்றோருக்குத்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மன்றத்தில் கூட்டம். பிள்ளை வந்து சொன்னால் 'நீ ஏன் அங்கே போனாய்' என்று கேட்காமல் இருப்பது எப்படி என்பதில் தொடங்கி, வீட்டுக்குள் பேசி முடித்துவிடக் கூடாது என்பது வரை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்க வந்த 2012-ன் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத் தலைவரே மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இதெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகும் என்று போன மாதக் கூட்டத்தில் சிலர் எழுந்து போனார்கள். கைபேசி ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, அதுவும் தப்பும் தவறுமாக. எழுந்து போனவர்களையும் அழைக்கிறோம்.

இனி கணக்கு. இரு பள்ளிகளிலும் 24 பிரிவுகள். பிரிவுக்கு நான்கு பாடவேளை நடத்த 6,000 வீதம் 1,44,000. கையேடு அச்சிட 1,100 பிள்ளைகளுக்குத் தலா 45 வீதம் 49,500. ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி 36,000. பெற்றோர் கூட்டம் நான்குக்கும் ஒலிபெருக்கி, நாற்காலி, டீ எல்லாம் சேர்த்து 32,000. அக்டோபர் முதல் மார்ச் வரை மனநல ஆலோசகர் வந்துபோக மாதம் 15,000 என்று 90,000. ஆலோசகர் எதற்கு, அதை வெட்டலாமே என்று குழுவிலேயே பேச்சு வந்தது. வகுப்பு முடிந்தபின் ஒரு பிள்ளை வாய் திறந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? வெட்டவில்லை. ஆக மொத்தம் 3,51,500. கையில் இருப்பது 1,98,000.

அந்த 1,98,000-ஐத் தந்தவர்களை மறக்க முடியாது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் தங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழுவில்) வாரம் இருபது ரூபாயாகச் சேர்த்துத் துணிப்பையோடு கொண்டுவந்தார்கள்; எண்ணி முடிக்கவே சாயங்காலம் ஆனது. மரியாயின் சேனைச் சகோதரிகள் கேக் விற்றார்கள். குவைத்திலும் துபாயிலும் வேலை பார்க்கும் தம்பிமார் சம்பளம் வந்த அன்றே அனுப்பினார்கள். 1985-ல் பத்தாம் வகுப்பு முடித்த அக்காக்கள் கூடி ஒரு பிரிவின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளி வாசல் ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்கள், மகள் ஒன்பதாவது படிக்கும் டீக்கடை பாய், பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, உங்கள் எல்லோருக்கும் நன்றி. முதல் சனிக்கிழமை திருப்பலி உங்கள் குடும்பங்களின் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. போன திருவிழாவில் தேர்ச் சோடனைக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்ட தொகை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்துவிட்டது. குறை சொல்லவில்லை, மாதாவுக்குச் செய்வதில் யாருக்கு மனவருத்தம்? ஆனால் பிள்ளைகள் காரியத்துக்கு மூன்று மாதமாக உண்டியல் குலுக்குகிறோம். ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு 320 ரூபாய்கூட இல்லை. புதுநன்மை விருந்தில் ஒரு பிரியாணி இலைக்கு அதைவிட ஆகிறது. சிறியவர்களுக்கு இடறலாக இருப்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி ஆண்டவர் சொன்னது கெடுதல் செய்பவனுக்கு மட்டும்தான், பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு முதல் எல்லாப் பூசைகளிலும் மஞ்சள் உறை தரப்படும். பங்கு அலுவலகத்திலும் பள்ளி அலுவலகங்களிலும் பணமாகவோ காசோலையாகவோ கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் யாரிடமும், குழு உறுப்பினரிடம்கூட, பணம் தர வேண்டாம். முழுக் கணக்கும் மாதாக் கெபி அருகில் உள்ள பலகையில் வாராவாரம் ஒட்டப்படும். பணம் முடியாதவர்கள் பெற்றோர் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் கையேட்டைப் பிரித்துக் கட்டவும் வரலாம், பெயர் கொடுங்கள். ஈஸ்டரின்போது தொகை எழுதிக்கொடுத்துவிட்டு இன்னும் தராதவர்களின் சீட்டுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆகஸ்டு கடைசி வாரத்தில் அன்பியப் பொறுப்பாளர்கள் அவர்கள் வீட்டுக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகள் பாதுகாப்புக் குழு,
பெற்றோர் ஆசிரியர் கழகமும் பங்குப் பேரவையும் இணைந்து