கோப்புகளைக் கல்லூரியின் பெயரில் வையுங்கள்: நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரிச் செயலர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு கல்லூரியில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு நெருங்குகிறது என்றாலே என்னைப் போன்றவர்களுக்கு அழைப்பு ஓயாது. "சார், லிங்க் திறக்கல", "டிரைவ் ஃபுல்லுன்னு வருது", "நேத்து இருந்த ஃபைல் இன்னிக்கு இல்ல." கூப்பிடுபவர் பெரும்பாலும் ஓர் இளநிலை உதவியாளராகவோ கௌரவ விரிவுரையாளராகவோ இருப்பார். அவருக்குக் கம்ப்யூட்டர் சரியாகத் தெரியவில்லை என்று மேலே பேச்சு கிளம்பும். போய்ப் பார்த்தால், அந்தக் கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கும். அதை உதவியாளரால் சரிசெய்ய முடியாது, என்னாலும் முடியாது. உங்களால் முடியும்.

பல கல்லூரிகளில் நடைமுறை இதுதான். துறைக்கென்று யாரோ ஒருவர் இலவச ஜிமெயில் கணக்கு ஒன்றைத் தொடங்குகிறார். பாஸ்வேர்டு ஐந்தாறு பேருக்குத் தெரியும். மீட்பு எண்ணாக அப்போதைய துறைத் தலைவரின் கைபேசி எண் இருக்கும். அவர் ஓய்வு பெற்ற பிறகு புதிய கணினியில் உள்ளே நுழைய முயன்றால், ஓடிபி அவர் வீட்டுக்குப் போகும். அவர் எண்ணை மாற்றியிருந்தால் அந்தக் கணக்கு போனது போனதுதான். அப்படியே விட்டுவிட்டாலும் ஆபத்து. இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது.

இடமும் போதாது. இலவசக் கணக்கில் அஞ்சல், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். கருத்தரங்க வீடியோக்கள் நாலைந்து ஏறினாலே நிரம்பிவிடும். நிரம்பிய கணக்குக்கு அஞ்சலும் வராது. மாணவர் அனுப்பிய விண்ணப்பம் திரும்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் மோசமான நிலை, கோப்புகள் ஆசிரியர்களின் சொந்த ஜிமெயிலில் கிடப்பது. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் ஆண்டு முழுக்க நாக் மதிப்பீட்டுக்கான சான்றுகளைச் சேர்த்துத் தன் டிரைவில் வைக்கிறார். அந்த லிங்குகள் கல்லூரி இணையதளத்திலும் சுயமதிப்பீட்டு அறிக்கையிலும் ஏறுகின்றன. அவர் வேறு வேலைக்குப் போகிறார். ஒருநாள் தன் டிரைவில் இடம் காலி செய்ய அந்த ஃபோல்டரை அழிக்கிறார். அவர் செய்தது குற்றமில்லை, அது அவருடைய கணக்கு. ஆனால் சரிபார்ப்பவர் லிங்கைத் தட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. சொந்த ஜிமெயிலில் உள்ள கோப்பின் உரிமையைக் கல்லூரிக் கணக்குக்கு நேரடியாக மாற்றித் தரவும் வழியில்லை. நகல் எடுக்கலாம், ஆனால் லிங்க் மாறிவிடும், யார் எப்போது திருத்தினார்கள் என்ற பழைய வரலாறும் கூட வராது.

மற்ற கோளாறுகள் சின்னவை. அலுவலகத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. "அனுமதி தேவை" என்று திரை வந்தால், முதலில் மேலே வலது மூலையில் இருக்கும் வட்டப்படத்தைப் பாருங்கள். ஒரே பிரவுசரில் சொந்தக் கணக்கும் கல்லூரிக் கணக்கும் சேர்ந்து திறந்திருக்கும். முதலில் நுழைந்த கணக்கின் பெயரில் லிங்க் திறந்து, கதவைச் சாத்திவிடும். குரோமில் ஒவ்வொரு கணக்குக்கும் தனி புரொஃபைல் வைத்தால் இந்தத் தொல்லை வராது.

தேதிக் குழப்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சத்தமில்லாமல் கெடுக்கும். சேர்க்கைப் பட்டியலைக் கூகுள் ஷீட்டில் அடிக்கிறார்கள். 05/07/2024 என்று அடித்தது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கிறது, 25/07/2024 இடது ஓரத்தில் நிற்கிறது. அந்த ஷீட் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். முதலாவதை மே 7 என்று எடுத்துக்கொண்டது. 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் இரண்டாவதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. வரிசைப்படுத்தினால் பட்டியலே சிதறும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் நாட்டை இந்தியா என்று மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் தானாகத் திருந்தாது, அவற்றைக் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும். வேலை தொடங்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

பழைய தமிழ்ச் சுற்றறிக்கைகளை டிரைவில் ஏற்றித் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு பிரவுசரில் இல்லை. மறுபடி அடிக்க ஆளை உட்கார வைக்காதீர்கள். எல்லாக் கணினியிலும் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்புறம், சேவையே முடங்குவதும் உண்டு. 2020 டிசம்பர் 14 மாலை கூகுளின் அஞ்சலும் டிரைவும் உலகம் முழுக்கச் சுமார் முக்கால் மணி நேரம் நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் பாஸ்வேர்டை மாற்றுவதும் கணினியை ஃபார்மட் செய்வதும் வேண்டாத வேலை. நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் அழிந்த கோப்பு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. கணினியில் இடமில்லை என்று மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருப்பதை அழித்தால், இணையச் சேமிப்பிலும் அழிந்துவிடும், பகிர்ந்துகொண்ட எல்லோருக்கும் மறைந்துவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அலுவலக, கல்விக் கணக்குகளுக்கான ஒன்டிரைவில் 93 நாள். அதற்குள் சொன்னால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். திட்டு விழுமே என்று பயந்து மறைப்பவர்கள் கெடு தாண்டிய பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். தயவுசெய்து அழித்தவரைத் திட்டாதீர்கள். உடனே சொன்னால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை அலுவலகத்தில் உண்டாக்குங்கள். மீட்புக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்குக் கூகுளின் கல்விப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது, நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டிபி இடத்தோடு. கௌரவ விரிவுரையாளர் உட்பட ஒவ்வொருவருக்கும் கல்லூரியின் பெயரில் தனிக் கணக்கு கொடுங்கள். நாக் ஆவணங்கள், சேர்க்கைப் பட்டியல், தேர்வுப் பதிவுகள் எல்லாம் ஷேர்டு டிரைவில் இருக்கட்டும். அங்கே வைக்கும் கோப்பு தனிமனிதருக்குச் சொந்தமில்லை, கல்லூரிக்குச் சொந்தம். ஆள் போனாலும் கோப்பு நிற்கும். அட்மின் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாமல் இரண்டு பேரிடம் கொடுங்கள்.

பணியிலிருந்து விடுபடுகிறவர் நூலகம், ஆய்வகம், விடுதி என்று ஒவ்வொரு இடமாகப் போய் நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார். அதில் இன்னொரு வரி சேருங்கள்: "கணக்கில் உள்ள கோப்புகள் ஒப்படைக்கப்பட்டன." அந்தக் கையெழுத்து விழுந்த பிறகே கணக்கை நீக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு நீக்கிவிட்டால் அந்தக் கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். வருகிற கல்வியாண்டுக்கான படிவங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வரி ஏறிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரிக் கணினிப் பராமரிப்பாளர்