தலைமையாசிரியர் கடிதம்: பருவ நிறைவும் விண்வெளி மன்றக் குழுக்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது, பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் வந்தன, நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் சேர்ந்தன. உழைத்த எல்லாருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், விண்வெளி மன்றம் பற்றி ஒரு விஷயம். மாதிரிச் செயற்கைக்கோள் செய்யக் குழுக்கள் பிரித்துப் பட்டியல் ஒட்டினோம். மறுநாளே மாற்றச் சொல்லிக் கோரிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. மகளுக்கு மின்சுற்று வேலை வேண்டாம், அறிக்கை எழுதினால் போதும் என்கிறார்கள் சிலர். வேறு மொழி பேசும் பிள்ளைகளோடு சேர்ந்தால் மகன் பின்தங்கிவிடுவான் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் கவலை புரிகிறது. பிள்ளை நன்றாக வரவேண்டும் என்றுதான் கேட்கிறீர்கள்.

ஆனால் விண்வெளித் துறையில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து விண்நடை, அதாவது விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்து வேலை செய்ய, போவதாக இருந்தது. இருவருக்கும் பொருந்தியது நடுத்தர அளவு மேலுடை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உடனே அணியத் தயாராக இருந்ததோ ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் பதில் ஆண் வீரர் போனார். மார்ச்சில் போகவிருந்த இருவரில் ஒருவரான கிறிஸ்டினா குக் (Koch), வேறொரு பெண்ணான ஜெசிக்கா மீரோடு (Meir) ஒன்றாக வெளியே போக அக்டோபர் 18 ஆகிவிட்டது. அந்த விண்ணுடை 1970களின் வடிவமைப்பு. விண்ணுக்குப் போகிறவர் என்றாலே ஆண் என்று அமெரிக்காவில் நினைத்திருந்த காலம் அது. வேலைத் திறமையில் அந்தப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை, அளவுதான் இல்லை!

மின்சுற்று வேண்டாம் என்றவர்களுக்கு: சந்திரயான்-2 திட்ட இயக்குநர் முத்தையா வனிதா மின்னணுவியல் பொறியாளர்தான்.

மொழி விஷயமும் இப்படித்தான். ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் பொத்தான்களின் பெயர் முதல் எல்லாமே ரஷ்ய மொழியில் இருக்கும். அதில் பறக்கும் அமெரிக்கரும் ஜப்பானியரும் ரஷ்ய மொழி படித்தே தீரவேண்டும். ரஷ்யர்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள். 15 நாடுகள் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சர்வதேச விண்வெளி நிலையம், 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நம்மைப் போலவே யோசிக்கும் ஒருவரிடம் பாதி சொன்னால் போதும், மீதியை அவரே ஊகித்துக்கொள்வார். வேறு பின்னணியில் வளர்ந்தவரிடம் முழுதாகச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதுதான் நம் கணக்கில் உள்ள ஓட்டை நமக்கே தெரியும்.

ஆகவே குழுக்கள் மாறாது. பாலினம், மொழி, சமயம் ஆகியவற்றைக் காரணம் காட்டும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்க மாட்டேன். பொறுப்பாசிரியரை இரவில் தொலைபேசியில் அழைத்து வற்புறுத்துவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். உடல்நலம், பயண நேரம் போன்ற சிக்கல் இருந்தால் என்னிடம் நேரில் பேசலாம், வழி செய்வோம்.

சரி, கண்டிப்பாகப் பேசிவிட்டேன். பழைய கணினிகளைக் கொடுத்து உதவியவர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து பிள்ளைகளுக்குச் சால்டரிங் சொல்லித்தந்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்