நாகூர் யாத்ரீகர் சேவைப் பணி: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

செயற்குழு முறைப்படி கூடியது. நாகூர் தர்கா கந்தூரி விழாவின் கொடியேற்றத்தன்று, தர்காவின் ஐந்து மினாராக்களிலும் (கோபுரங்களிலும்) கொடி ஏறிய பிறகு, வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் திறந்தோம். சில்லடிக் கடற்கரைக்கும் பக்கத்து வாஞ்சூருக்கும் போகிறவர்களுக்கு வழி காட்ட ஆள் நிறுத்தினோம்.

அப்புறம் சக்கர நாற்காலி விஷயம். வாங்கலாம் என்று நான் சொன்னபோது வீண் செலவு என்றவர்கள் உண்டு. ரயிலடியில் இறங்கும் முதியவர்கள் கந்தூரிக் கூட்டத்தைத் தாண்டி எஜமான் ஷாகுல் ஹமீது நாயகத்தின் அடக்கஸ்தலத்துக்கும் தர்கா குளத்துக்கும் போவது எத்தனை சிரமம் என்று நமக்குத் தெரியாதா? கடன் சொல்லி இரண்டு நாற்காலி வாங்கினேன். காரைக்காலிலிருந்து திருநீறு பூசிய ஓர் அம்மா வந்தார். வெள்ளித் தகட்டில் செய்த கால் ஒன்றை முந்தானையில் முடிந்திருந்தார். முட்டி வலி தீர்ந்தால் செலுத்துவதாக நேர்ந்தாராம். வலி குறைந்தது, ஆனால் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. அலங்கார வாசலிலிருந்து உள்ளே நாங்கள்தான் தள்ளிக்கொண்டு போனோம். தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்த இடம் இது. எல்லா மதத்தாரும் வரும் வாசலில் உடல் தளர்ந்தவர்களும் வர வேண்டாமா?

மனவருத்தம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலம் புறப்பட்டு, ரவ்லாவில் (அடக்கஸ்தலத்தில்) சந்தனம் பூசும் வரை விடிய விடிய ஆள் தேவை. வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஈரத் தரையில் நாற்காலி தள்ளியது நானும் பொருளாளரும் மூன்று இளைஞர்களும்தான். வராதவர்களில் பலர் சந்தாவும் கட்டவில்லை. இரண்டு வருட பாக்கி வைத்திருப்பவர்கள் கூட உண்டு.

கணக்கைப் பொருளாளர் படித்துக் காட்டுவார். வரவு செலவுக்குச் சரியாக இருந்தது, கையிருப்பு சொற்பம். நாற்காலிக் கடனில் கொஞ்சம் நிற்கிறது.

தலைவர், பொருளாளர், பந்தலுக்கு இடம் தந்தவர், அரிசி மூட்டை தந்த கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

கந்தூரி ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தில் வருவதால் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னால் நகரும். அடுத்த முறை அடைமழைக் காலத்தில் வருகிறது. பந்தலுக்குத் தார்ப்பாய் வேண்டும், ஒரு நாற்காலிக்குச் சக்கரம் மாற்ற வேண்டும். கூட்டம் முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் இருப்பேன். சந்தனக்கூடு இரவுக்குப் பெயர் கொடுப்பவர்களும் அங்கேயே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்