மவுசாக்கலைச் சேற்றிலிருந்து எங்களை இழுத்துவிட்டவர்களுக்கு

மார்ச் கடைசி ஞாயிறு, மஸ்கெலியாவில் தண்ணீர் வற்றிக் கிடந்த மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் வெள்ளை டொல்பின் வேனை இறக்கிப் புதைத்துவைத்த ஆள் நான்தான். அந்த அவசரத்தில் உங்கள் யாருடைய பெயரையும் கேட்காமல் வந்துவிட்டேன், அதனால்தான் இந்த மடல்.

அப்பா பிறந்தது பழைய மஸ்கெலியாவில். 1969இல் அணை கட்டி டவுனே தண்ணீருக்குள் போனபோது அவருக்கு 16 வயது. பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து கூட்டிப் போ, கூட்டிப் போ என்று ஒரே நச்சரிப்பு. மூட்டுவலிக்காரரை நடக்கவிட மனமில்லை, தரைதான் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடக்கிறதே என்று வண்டியை இறக்கிவிட்டேன். காய்ந்திருந்தது மேலே நாலு விரற்கடைதான். அதற்குக் கீழே இத்தனை வருடமாக மலையிலிருந்து கரைந்து வந்து படிந்த வண்டல், அரைத்து வைத்த உளுந்து மாவு மாதிரி. பின் டயர் உள்ளே போனதும் பயத்தில் எக்ஸிலேட்டரை மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகி வண்டி வயிறு பட உட்கார்ந்துவிட்டது. ஜெக் வைத்துப் பார்த்தேன், வண்டி ஏறவில்லை, ஜெக்தான் இறங்கியது. கோயிலைப் படம் எடுக்க வந்தவர்கள் எங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள், அது கிடக்கட்டும்.

மேலேயிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்த கட்டார் தம்பிக்கு முதல் நன்றி. "அண்ணே, மிதிக்காதீங்க, எல்லாரும் எறங்குங்க!" அங்கே டிரைவராக இருந்தவராம். கட்டார்க் கடலோரத்தில் சப்கா என்று ஒரு நிலம் உண்டாம், மேலே உப்புக் காய்ந்து ஓடு மாதிரி நிற்கும், உள்ளே சேறு, கடல் ஏறுவதற்குள் வண்டியை எடுக்காவிட்டால் அவ்வளவுதானாம். நமக்குக் கடல் இல்லை, ஆனால் சிவனொளிபாதமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மார்ச், ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டுமே, அது ஒரு பாட்டம் பெய்தால் பாளமெல்லாம் கூழ்தான். தம்பி குச்சியால் வால்வை அமுக்கிக் காற்றைப் பாதிக்குக் குறைத்தார். டயர் சப்பையாகப் பரந்தால் பாரம் ஒரே இடத்தில் குத்தாதாம். வந்த தடத்திலேயே பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும் என்று டயருக்குப் பின்னால் சரிவாகத் தோண்டச் சொன்னார். சோற்றுக் கரண்டியால்தான் தோண்டினோம், வேறு என்ன இருந்தது.

அப்புறம் அந்த மூன்று அக்காமார். லீவு நாளில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின மலையில், வெட்டுண்டு கிடந்த மிலாறுக் குச்சிகளைப் பொறுக்கி விறகுக் கட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு, தோட்டத்து லய வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒரு வார்த்தை பேசாமல் கட்டை அவிழ்த்து டயருக்கடியில் திணித்தார்கள். கோணல்மாணலான மிலாறு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாய் மாதிரிக் கிடந்தது, டயருக்கு நல்ல பிடி. மூன்று கட்டும் சேற்றுக்குள் போய்விட்டது. கேஸ் விற்கிற விலையில் அது எத்தனை நாள் அடுப்பு என்று எனக்குத் தெரியும், நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். காசை நீட்டினேன். "வெறகு மலையில கெடக்கு, மொதல்ல ஒங்க அப்பாவுக்குக் கோயிலக் காட்டுங்க" என்று ஒரு அக்கா கையைத் தள்ளிவிட்டார்.

ஜெக்குக்குக் கீழே வைக்க மாட்டுக்கொட்டகைப் பலகையைக் கழற்றி வந்த பெரியவருக்கும், சேற்றுக்குள் இறங்காமல் மேலே கல் தரையிலேயே ட்ரெக்டரை நிறுத்தி நீளக் கயிறு விட்ட அண்ணனுக்கும் நன்றி. கயிற்றைப் பம்பரில் கட்டப் போன என் கையைத் தட்டிவிட்டு அவரே சேஸில் கட்டினார், அறுந்தால் சாட்டை மாதிரி வரும் என்று பிள்ளைகளைத் தூர விரட்டினார். இரண்டாவது இழுப்பில் சேறு சளக்கென்று விட்டது.

இவ்வளவு நேரமும் அப்பாவைக் காணோம். பார்த்தால் இரண்டு பொடியன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கோயிலடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் வீடு இந்தா இந்தப் பக்கம் என்று வெறும் சேற்றைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பிமாரே, வண்டியை இழுத்ததைவிட அது பெரிய உதவி.

பெரியவரே, உங்கள் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு துண்டு என்னிடம்தான் இருக்கிறது, அதே கனத்தில் புதுப் பலகை அறுக்கக் கொடுத்திருக்கிறேன், சித்திரைப் பிறப்புக்கு முன் வந்துவிடும். அந்த அக்காமார் எந்த லயம் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அதே பயணத்தில் மூன்று கட்டு விறகும் ஏற்றி வருகிறேன், இந்த முறை வண்டி ரோட்டிலேயே நிற்கும்.