ஆச்சி வீட்டு வளவில் ஒரு நட்சத்திரம்: நன்றி மடல்

காரைக்குடிக்கும் சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் செக்காலையில் ஓர் ஆச்சி வீட்டு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், சா. கணேசன் நம் ஊர் எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருடத்தைப் பற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூன்று நாள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வந்து பார்த்தவர்களுக்கு வாசலிலேயே கைகூப்பி நன்றி சொல்லிவிட்டோம். ஆனால் அதற்கு முந்தைய எட்டு மாதம் எங்களோடு கூடவே நடந்தவர்கள் பலர் அந்த மூன்று நாளில் வரவே இல்லை. சிலருக்கு உடம்பு முடியவில்லை, சிலர் வெளியூர். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

இது எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சா. கணேசனைத் தெரியாதவர் கிடையாது. 1939-ல் ரசிகமணி டி.கே.சி. தலைமையில் கம்பன் திருநாளைத் தொடங்கியவர், கம்பன் அடிப்பொடி. பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்தம் அன்றைக்கு நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி முன்னால் என்று அவர் போட்டுக் கொடுத்த பாதையில்தான் திருநாள் இன்றும் நடக்கிறது. கம்பன் மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ்த்தாய் கோயிலும் அவர் கண்ட கனவுதான். 1982-ல் அவர் மறைந்தார். கோயில் திறந்தது 1993-ல்.

மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இவர் நம்ம ஊர் எம்.எல்.ஏ.வா இருந்தாராமே, எங்க தாத்தா சொன்னார். என்ன கட்சி? என்ன செஞ்சார்?"

1962 தேர்தல், சுதந்திராக் கட்சி, காரைக்குடித் தொகுதி. இவ்வளவும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வரிகூட எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் இதே ஊரில் வரலாறு நடத்தியிருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனிதரின் தமிழ்த்தொண்டுக்கு மண்டபமும் சிலையும் வைத்திருக்கிறோம், நமக்காக அவர் கோட்டைக்குப் போய் உட்கார்ந்திருந்த ஐந்து வருடத்தை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டு மறந்துவிட்டோம் என்று தோன்றியது. சரி, பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பார்ப்போம் என்று மறுநாளே முடிவு செய்தேன்.

முதல் நன்றி கிளை நூலகத்து அண்ணனுக்கு. பிள்ளைகள் இரண்டு நாளாக "சிவகங்கை மாவட்டம், 1962" என்று தேடிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிவகங்கை மாவட்டம் பிறந்ததே 1985-ல தம்பி. அப்ப நாமெல்லாம் ராமநாதபுரம். தமிழ்நாடுங்கிற பேரே 1969-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னால சென்னை மாநிலம்." அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. தேர்தல் ஆணையத்தின் 1962 அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். மொத்தம் 206 இடம். காங்கிரசுக்கு 139, தி.மு.க.வுக்கு 50. சுதந்திராக் கட்சிக்கு ஆறு. அந்த ஆறில் ஒன்று காரைக்குடி.

இந்த எண்ணைப் படித்ததும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. "ஆறு பேரா? அப்ப ஒண்ணும் செய்திருக்க முடியாதே டீச்சர்" என்றான் ஒருவன்.

இங்கேதான் கோட்டையூர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் வருகிறது. சென்னையில் ஒரு பத்திரிகைக்காகப் பல வருடம் சட்டமன்றச் செய்தி எழுதி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். ஐந்து ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக ஒதுக்கினார். ஆட்சியில் இல்லாத ஓர் உறுப்பினர் கையில் என்னென்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து விளக்கினார். அவை கூடியதும் முதலில் வருவது வினா நேரம். அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு நட்சத்திரக் குறியிட்ட வினா என்று பெயர். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதன்மேல் துணைக்கேள்வி கேட்கலாம். குறியில்லாத வினாவுக்கு எழுத்தில் பதில் வரும். அப்புறம் மானியக் கோரிக்கை. ஒரு துறைக்கு அரசு பணம் கேட்கும்போது, அதில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். "நூறு ரூபாயைக் குறைச்சு யாருக்கு என்ன லாபம்? பணம் குறையணும்னு அதைக் கொடுக்கறதில்லை. எங்க ஊர்க் குறை இது, இதைப் பத்திப் பேச எனக்கு நேரம் கொடுங்கள்னு கேக்கறதுக்கு அது ஒரு வழி" என்றார். ஆறு பேர் கேட்டாலும் அறுபது பேர் கேட்டாலும் கேள்வி கேள்விதான், பதில் அச்சில் ஏறத்தான் வேண்டும் என்று அவர் சொன்னபோது அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சுதந்திராவின் தேர்தல் சின்னமும் நட்சத்திரம். அதனால் ஒரு சின்னப் பெண், "நட்சத்திர வினான்னா அவங்க கட்சி மட்டும் கேக்கறதா ஐயா?" என்று கேட்டாள். ஐயா சிரிக்கவில்லை. அவள் நோட்டிலேயே இரண்டையும் தனித்தனியாக வரைந்து காட்டினார். கண்காட்சியில் நான்காவது பலகையில் இருந்த படம் அதைப் பார்த்து வரைந்ததுதான்.

கட்சியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. விடுதலைப் போராட்டக் காலத்துக் காங்கிரஸ்காரர் ஒருவர் காங்கிரசை எதிர்த்து ஏன் நின்றார்? 1959-ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று எல்லாவற்றுக்கும் அரசின் கையை எதிர்பார்க்கும் ஏற்பாடு வேண்டாம், கூட்டுப்பண்ணை வேண்டாம் என்பது அவர் வாதம். சா. கணேசன் ராஜாஜியோடு போனார். அன்றைக்கு முதலமைச்சர் காமராஜர். அவர் நின்று வென்ற சாத்தூரும் இதே ராமநாதபுரம் மாவட்டம்தான். பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்த காமராஜர் மேல் இந்த மாவட்டமே உயிரை வைத்திருந்த நேரத்தில், காரைக்குடி எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்தது. பர்மாவில் தொழிலில் போட்டதையெல்லாம் போரிலும் பிறகு வந்த சட்டங்களிலும் இழந்து திரும்பிய குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. சொத்துரிமை என்ற சொல் இங்கே காதில் விழுந்த விதமே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே நேரம், அந்த ஓட்டில் பெரும்பங்கு கொள்கைக்கு விழுந்ததா, கம்பனைச் சொன்ன மனிதருக்கு விழுந்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பலகையில் இரண்டையும் எழுதி வைத்தோம். காமராஜர் பக்கத்து நியாயத்தையும் எழுதுங்கள் என்று வற்புறுத்திய கழனிவாசல் பெரியவருக்கு இந்த இடத்தில் நன்றி. அவர் வாழ்நாள் முழுக்க காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டவர். ஆனாலும் எங்கள் பலகைகளுக்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தது அவர் பட்டறைதான். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது அந்த ஆச்சிக்கு வருகிறேன். ஆச்சிக்கு எண்பத்தேழு வயது. 1962-ல் இருபத்தொன்றைத் தாண்டி, முதல்முறை ஓட்டுப் போட்டவர். அப்போதெல்லாம் வாக்குரிமைக்கு இருபத்தொரு வயது ஆக வேண்டும். அவருடைய மாமியார் 1952-லும் 1957-லும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்திருந்ததையும், சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினாராம். ஆச்சி போனால் அங்கே ஒரே பெட்டி. சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சாகியிருக்கிறது, கையில் ஒரு முத்திரை தருகிறார்கள். "சட்டசபைக்கு ஒரு சீட்டு, டெல்லிக்கு ஒரு சீட்டு. எதுல குத்தறதுன்னு கை நடுங்குச்சுத்தா. விரல்ல மை வேற வச்சாங்க, அது போகவே இல்ல" என்றார். பொதுத்தேர்தலில் முத்திரை குத்தும் முறை வந்தது அந்த 1962-ல்தான். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை ஆச்சி தன் ஆள்காட்டி விரலை நீட்டிச் சொன்னபோது பிள்ளைகள் யாரும் பேசவில்லை.

சா. கணேசனை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஆச்சியிடம் கேட்டோம். "சட்டை போடாத மனுசர். மேல துண்டு மட்டும்தான். பேச ஆரம்பிச்சா கம்பராமாயணம் மழை மாதிரி வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தெரியாத எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய பாடம். ஏனென்றால் ஊருக்குள் விசாரித்தபோது சா. கணேசனைப் பற்றி வேறு பலரும் கதை கதையாகச் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் ஒரே கதை மூன்று வாயில் மூன்று விதமாக இருந்தது. சான்று கிடைக்காத எதையும் பலகையில் ஏற்ற வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். தங்கள் கதை வராததில் வருத்தப்பட்டவர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றும் வீணாகாது.

பழைய காகிதங்களைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். மழையில் நனைந்துவிட்டது, எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். அன்று பிள்ளைகள் மனம் உடைந்து திரும்பினார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். நோட்டீஸ், திருமணப் பத்திரிகை, பழைய இதழ் என்று எதையும் எறியாமல் சேர்த்தவர். 1992-ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்ததெல்லாம் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இதைப் பேருந்தில் வரும்போது சொன்னேன். அடுத்த வாரமே பிள்ளைகள் வீடு வீடாகப் போய், "எடைக்குப் போடப் போற காகிதம் இருந்தா எங்களுக்குக் காட்டிட்டுப் போடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். முத்துப்பட்டணம், செஞ்சை, சுப்பிரமணியபுரம் எல்லாத் தெருவிலும் கதவு திறந்தீர்கள். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு மோர் கொடுத்தீர்கள். எத்தனை வீடு என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, மன்னியுங்கள்.

அப்படித்தான் ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த அறைக்குப் போனோம். ஆச்சி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "வேணுங்கறதை எடுத்துக்க. எலி திங்கறதுக்கு நீங்க படிக்கலாம்" என்றார். மரப்பெட்டியில், ரங்கோன் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், நட்சத்திரம் அச்சடித்த ஒரு தேர்தல் துண்டுச்சீட்டு இருந்தது. ஓரமெல்லாம் உதிர்ந்த, பழுத்துப்போன ஒரு தாள். எட்டு மாதத் தேடலில் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரே பொருள் அதுதான். அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வளவின் நடுவில் நிறுத்தினோம்.

சிலரை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன், மனம் கோண வேண்டாம். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளின் படப்பிரதிகளை இணையத்திலிருந்து இறக்கி, இராப்பகலாக ஒழுங்குபடுத்திக் கொடுத்த எங்கள் பழைய மாணவர். கணேசன் என்ற பெயரை மட்டும் நம்பாமல் தொகுதிப் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் அவரே. அந்தக் குறிப்புகளில் ஆங்கிலத்தில் பேசியது ஆங்கிலத்திலேயே இருக்கும், தமிழில் பேசியது தமிழில் இருக்கும். ஆங்கிலப் பக்கங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துக் காட்டிய சிக்ரியில், அதாவது நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா. பலகை முழுவதையும் பிழை திருத்திய அச்சக அண்ணன். நாற்காலி கொடுத்த பந்தல்காரர். மூன்று நாளும் நேரம் தவறாமல் டீ கொண்டுவந்த தம்பி. எல்லோருக்கும் எங்கள் நன்றி.

வேலை முடிந்துவிடவில்லை. ஐந்து வருடக் குறிப்புகளில் பாதிகூட நாங்கள் படித்து முடிக்கவில்லை. பிற்பாடு சா. கணேசன் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1986-ல் அந்த மேலவையே கலைக்கப்பட்டுவிட்டது, அது என்ன அவை என்பதிலிருந்தே பிள்ளைகளுக்குத் தொடங்க வேண்டும். அடுத்த பங்குனிக்குள் அதையும் சேர்க்கப் பார்க்கிறோம். வீட்டில் படமோ கடிதமோ வைத்திருப்பவர்கள் பள்ளிக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்களே வந்து படம் பிடித்துக்கொண்டு, பொருளை அங்கேயே விட்டுவிட்டு வருவோம்.

கடைசி நாள் சாயங்காலம் ஆச்சியைப் பேத்தி கைத்தாங்கலாக வளவுக்கு அழைத்துவந்தார். தன் வீட்டுத் தாளைக் கண்ணாடிக்கு உள்ளே பார்த்துவிட்டு, கண்ணாடி மேல் நட்சத்திரம் இருந்த இடத்தில் அதே ஆள்காட்டி விரலை வைத்தார். பக்கத்தில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம், "இங்கதான் குத்துனேன்" என்றார். அந்தப் பெண் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆச்சி, இரண்டாம் கட்டுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அறையைப் பெருக்கிவிட்டோம், கணக்குப் புத்தகங்களைத் துணியில் சுற்றி வைத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு வந்து தருகிறேன்.