ஏர்கன் வாங்கும் முடிவைக் கைவிடுங்கள்: எங்கள் உழவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்து அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கமுங்க.

போன கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கியபோது நான் மட்டும் தூக்கவில்லை. ஏன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் சோளத்தைக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும், மலையோரத் தோட்டத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஏர்கன் (காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி), அப்புறம் பன்றியும் மயிலும் இந்தப் பக்கமே தலைவைக்காது என்று பேசினீர்கள். உங்கள் நஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. உடுமலைக்குத் தெற்கே மக்காச்சோளம் போடுகிற யாருக்கும் கதிர் பால் பிடிக்கிற நாளில் தூக்கம் கிடையாது. என் சோளக் காட்டைச் சுற்றியும் வீட்டிலிருந்த பழைய சேலையெல்லாம் கட்டிப் பார்த்தாயிற்று. பன்றிகள் ஒரு வாரம் மிரண்டன, மறு வாரம் சேலைக்கு அடியில் புகுந்து வந்தன. நிலக்கடலை முளைவிடும்போது மயில்கள் சால் பிடித்தாற்போலக் கிளறிக்கொண்டு போவதையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவன்தான் நான்.

என்னிடமும் ஒரு ஏர்கன் இருக்கிறது, பல வருடமாக. தேங்காய்க் கொட்டகையில் எலியும் பெருச்சாளியும் பெருகியபோது வாங்கியது. அந்த வேலைக்கு அது சரியான கருவிதான். பத்தடி, பதினைந்தடி தூரம், பின்னால் மண்சுவர், அசையாமல் நிற்கிற எலி. குறி சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், துடிப்பதில்லை. விஷம் வைத்தால் செத்த எலியைத் தின்ற நாயும் கூகையும் சேர்ந்து சாகும், அந்தக் கவலையும் இதில் குறைவு. சுட்ட எலியைப் புதைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெல்லட் என்கிற ஏர்கன் குண்டு ஈயம், அதைக் கோழியோ காக்கையோ கொத்தக் கூடாது.

ஆனால் அதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பன்றிக்கு முன்னால் போய் நிற்பது வேறு விஷயம். உரிமம் இல்லாமல் நாம் வாங்கக்கூடிய ஏர்கன் எது? 2016 ஆயுத விதிகளின்படி குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வெளியேறும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு (ஆற்றலை அளக்கிற அலகு) மேல் போகக் கூடாது. கடையில் விற்கிற சாதாரண ஏர்கன் பலவும் இந்த எல்லைக்கும் கீழேதான். அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல்தான் வரும். உரிமம் வாங்கி வைத்திருக்கிற பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியின் தோட்டாவில் அந்த ஆற்றல் 2,000 ஜூலுக்கும் மேல். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கவசம் மாதிரி கெட்டித் தோல் உண்டு. அதில் 10 ஜூல் என்ன செய்யும்? பெல்லட் தோலுக்குள் போய்த் தங்கும், சீழ் பிடிக்கும். பன்றி சாகாது, பயிரையும் விடாது. காயம்பட்ட பன்றி கருக்கலில் நம் வீட்டுப் பெண்கள் பால் கறக்கப் போகிற தடத்தில் நின்றால் என்ன ஆகும் என்று கூட்டத்தில் யாராவது கேட்டோமா?

இங்கிலாந்தில் ஏர்கன் வேட்டை பெரிய பழக்கம். அங்கே உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு எல்லை சுமார் 16 ஜூல். அதை வைத்து எலி, முயல், புறா என்று சிறியதைத்தான், அதுவும் கிட்ட இருந்துதான் அடிக்கிறார்கள். ஏர்கன்னோடு பன்றி வேட்டைக்குப் போவதில்லை.

மயிலைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. போன மாசியில் என் கிணற்று மேட்டில் ஒரு பெட்டை மயில் எழ முடியாமல் கிடந்தது. வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் வந்து, மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பார்த்தபோது வயிற்றுக்குள் ஒரு பெல்லட். எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிந்ததோ. மூன்றாம் நாள் செத்துப்போனது. யார் சுட்டது என்று நான் தேடவில்லை, தேடவும் போவதில்லை. சுட்டவருக்கும் கடலைதான் போயிருக்கும். ஆனால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமில்லை, காயப்படுத்துவதும் வேட்டை, முயற்சி செய்வதும் வேட்டை. குறி தப்பினாலும் வழக்கு உண்டு. சங்கம் வாங்கிக் கொடுத்த துப்பாக்கியால் நம் பையன் ஒருவன் சிறைக்குப் போனால் ஜாமீனுக்கு அலையப் போவது யார்?

பையன்கள் என்றதும் இன்னொன்று. வீட்டுக்கு ஒரு ஏர்கன் வந்தால் அது பன்றிக்காகக் காத்துக்கொண்டு சுவரில் தொங்காது. பள்ளிக்கூட விடுமுறையில் மைனா, குயில், கொக்கு என்று தொடங்கும். அப்புறம் ஒருவன் கண்ணில் இன்னொருவன் பெல்லட் படும். அருணாசலப் பிரதேசத்தில் வேட்டை தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அங்கேயே 2021 மார்ச்சில் ஏர்கன்னை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கி, ஊர் ஊராக மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதை அவர்களே கண்டார்கள். அவர்கள் விட்டதை நாம் பணம் கொடுத்து வாங்கப் போகிறோம்.

சரி, அப்படியானால் பன்றியை என்னதான் செய்வது? நியாயமான கேள்வி. கேரளாவில் 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரம் வந்தது, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரை வைத்துச் சுடலாம். நம் தமிழ்நாட்டிலும் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையே பயிற்சி பெற்றவர்களை வைத்துச் சுடலாம். நம் ஊரில் எந்தத் தோட்டம் இந்த மூன்றில் எந்த எல்லைக்குள் வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சங்கம் கேட்க வேண்டியது இதைத்தான். அந்த எல்லைகளைக் கிராம வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள், ஒன்று முதல் மூன்றுக்குள் இருக்கிற நமக்குக் கூண்டு கொடுங்கள், பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு அலைய விடாதீர்கள் என்று கேட்போம். மயிலுக்கு இழப்பீட்டைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் மனுவில் எழுதுவோம்.

அவசரத்துக்கு எடுத்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளிப் பக்கம் பார்த்தோம். பயிரைக் காக்க ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாக மின்வேலி போட்டார், மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் அங்கேயே சுற்றின. போட்டவரும் ஒரு விவசாயிதான்.

ஏர்கன்னுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் நாலு தோட்டத்துக்குச் சேர்த்து முறைப்படி பதிவு செய்த சூரிய மின்வேலி ஒன்று போட்டுப் பார்க்கலாம். முதல் பங்கு நான் தருகிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மனுவை எழுதி வைத்திருக்கிறேன். நாளைச் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு என் கொட்டகைக்கு வாருங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்